அகத்தியன் பெயரில் ஒரு படகு

பந்தயப் படகுகளின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே எழுதப்படுகிறது. எந்தப் படகு எத்தனை நாளில் எந்தப் பெருங்கடலைக் கடந்தது, யார் யாருடைய சாதனையை எத்தனை மணி நேரத்தில் முறியடித்தார்கள் என்ற பட்டியலாக அது நீளும். நாம் இங்கே சொல்லப் போவது அந்தப் பட்டியலில் எவ்விடத்திலும் பொருந்தாத ஒரு படகின் கதை. அதன் நீளம் 32 அடிக்குச் சற்று அதிகம். தன் வாழ்நாளின் மிகப் பெரிய பந்தயத்தை அது மணிக்குச் சராசரி 4 கடல்மைல் வேகத்தில் முடித்தது. ஒரு மனிதன் விரைந்து நடக்கும் வேகத்தைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். ஆனாலும் தனியொரு மனிதனை ஏற்றிக்கொண்டு, எந்தக் கரையிலும் இறங்காமல், உலகைச் சுற்றி வந்த முதற் படகு அதுவே. அதன் பெயர் 'சுஹைலி'.

இந்தப் பெயரிலிருந்து தொடங்குவது பொருத்தம். பாரசீக வளைகுடாவில் தென்கிழக்கிலிருந்து வீசும் காற்றை அரபு மாலுமிகள் சுஹைலி என்று அழைத்தார்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று நம் கடற்கரையார் காற்றுக்குப் பெயரிட்டதைப் போலத்தான் இதுவும். சுஹைல் என்பது தென்வானில் ஒளிரும் ஒரு விண்மீன். இரவு வானத்தின் விண்மீன்களில் ஒளியில் இரண்டாவது. கோடையின் முடிவில் அது கீழ்வானில் தோன்றுவதை வெம்மை தணிவதற்கான அறிகுறியாக அரேபியர் கொண்டாடினார்கள். அதே விண்மீனை நாம் அறிந்திருப்பது அகத்தியன் என்ற பெயரால். கடலையே குடித்தவர் என்று புராணம் சொல்லும் முனிவரின் விண்மீன், ஓயாமல் கடல்நீர் கசிந்துகொண்டிருந்த ஒரு மரப்படகுக்குப் பெயர் தந்தது என்பதில் உள்ள நகைச்சுவையை அதைக் கட்டியவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. நாம் அறிந்துகொள்ளலாம்.

*

1960களின் தொடக்கத்தில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கில இளைஞர் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தில் அதிகாரியாக இருந்தார். தமிழர்களுக்கு அந்த நிறுவனம் அந்நியமானதன்று. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல தலைமுறைத் தமிழர்களைச் சுமந்து சென்ற 'ரஜூலா' அதன் கப்பல்தான். ராபின் பணியாற்றியது மேற்குக் கடலில். பம்பாயில் தங்கியிருந்த அவருக்குச் சொந்தமாக ஒரு பாய்ப்படகு கட்டி, அதிலேயே இங்கிலாந்து திரும்ப வேண்டும் என்ற எண்ணம் தோன்றியது.

வரைபடத்துக்கு எழுதிப் போட்டார்கள். வந்து சேர்ந்ததோ அவர்கள் மனத்தில் வைத்திருந்த நவீனப் படகின் வரைபடம் அன்று. 1920களில் வில்லியம் அட்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் வரைந்த 'எரிக்' என்னும் பழைய வடிவம். திருப்பி அனுப்பி வேறொன்று வரவழைக்கப் பொறுமையில்லை. கையில் கிடைத்ததையே கட்டுவது என்று முடிவாயிற்று. வரலாற்றில் இப்படிச் சில தவறுகள் நேர்ந்து விடுகின்றன. சரியான வரைபடம் வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே இருந்திராது என்று நாம் கருதுகிறோம்.

அட்கினின் வரைபடமும் அவருடைய சுயகற்பனையன்று. அதன் வேர் நார்வேயில் இருக்கிறது. ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு நார்வேயின் லார்விக் நகரில் 1832இல் பிறந்த காலின் ஆர்ச்சர், துருவப் பயணத்துக்காக நான்சனின் 'ஃப்ராம்' கப்பலைக் கட்டியவர். நார்வேயின் மீனவர்கள் குளிர்காலப் புயல்களில் கூட்டங்கூட்டமாக மாண்டுகொண்டிருந்த காலத்தில், அவர்களைக் காப்பதற்கென்றே பாய்களால் ஓடும் மீட்புப் படகுகளை அவர் வடிவமைத்தார். அவற்றில் முதலாவது 1893இல் கடலில் இறங்கியது. மற்ற படகுகள் கரைக்கு ஓடும் நேரத்தில் கரையை விட்டுப் புறப்பட வேண்டியவை அவை. எனவே அவற்றின் முதல் இலக்கணம் வேகம் அன்று, மூழ்காமை.

அந்த இலக்கணத்தைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். சாதாரண உல்லாசப் படகின் அமரம், அதாவது பின்புறம், தட்டையாக வெட்டப்பட்டிருக்கும். ஆர்ச்சர் வகைப் படகில் அணியத்தைப் போலவே அமரமும் கூர்ந்து முடியும். பின்னாலிருந்து துரத்தி வரும் பேரலை தட்டைப் பலகையில் மோதினால் படகைத் தூக்கிப் புரட்டும்; கூர்முனையில் மோதினால் இரண்டாகப் பிளந்து இருபுறமும் வழியும். அடுத்தது ஏரா. படகின் முதுகெலும்பான அந்த அடிமரம் ஏறக்குறைய முழு நீளத்துக்கும் ஆழமாக ஓடும். அதன் அடியில் பல டன் இரும்பு. இத்தகைய படகு எளிதில் திரும்பாது. எளிதில் திரும்பாதது எளிதில் திசை தவறவும் தவறாது. பாய்களைச் சரியாகக் கட்டி வைத்துவிட்டால் சுக்கானைப் பிடிக்க ஆளில்லாமலும் அது தன் வழியே போய்க்கொண்டிருக்கும். இந்தக் கடைசிக் குணத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

இந்தக் குணங்களுக்கு விலையும் உண்டு. நீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகின் உச்ச வேகம், நீர்மட்டத்தில் அதன் நீளம் எவ்வளவோ அதன் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. சுஹைலியின் நீர்மட்ட நீளம் சுமார் 28 அடி. எனவே எவ்வளவு காற்று அடித்தாலும் 7 கடல்மைல் வேகத்துக்கு மேல் நெடுநேரம் ஓட அதனால் இயலாது. 11 அடி அகலமும் கனத்த உடலும் எதிர்காற்றில் அதை மேலும் சோம்பலாக்கின. பந்தயக்காரர் எவரும் விரும்பித் தேர்ந்தெடுக்கும் படகு இல்லை அது.

படகு பம்பாயின் கொலாபா பட்டறையில் தேக்கில் உருவாயிற்று. பம்பாய்க்கும் தேக்குக்கும் உள்ள உறவு பழையது. வாடியா குடும்பத்துப் பார்சி ஓடாவிகள் பிரிட்டிஷ் கடற்படைக்கே அங்கு போர்க்கப்பல்கள் கட்டித் தந்தார்கள். 1842இல் சீனாவை அடிபணிய வைத்த நாங்கிங் உடன்படிக்கை கையெழுத்தானது பம்பாயில் கட்டிய 'கார்ன்வாலிஸ்' கப்பலின் தளத்தில்தான். நம் திருகோணமலையின் பெயர் தாங்கி 1817இல் அங்கு நீரில் இறங்கிய 'டிரிங்கோமலி' இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. ஓக் மரம் உளுத்துப்போகும் காலத்திலும் தேக்கு தன் எண்ணெயால் தன்னைக் காத்துக்கொள்கிறது. அந்த மரபின் கடைசி விழுதுகளில் ஒன்றாகச் சுஹைலியைச் சொல்லலாம். மின்கருவிகளின் துணையில்லாமல், வாய்ச்சியால் செதுக்கி, வில் துறப்பணத்தால் துளையிட்டு, பலகை பலகையாக அதைக் கட்டியவர்களின் பெயர்கள் பந்தய வரலாறுகளில் இல்லை. 1964 டிசம்பரில் அணியத்தில் தேங்காய் உடைத்துப் படகு கடலில் இறக்கப்பட்டது.

1965இன் இறுதியில் ராபின் தன் தம்பியோடும் ஒரு நண்பரோடும் பம்பாயை விட்டுப் புறப்பட்டார். அரேபியக் கரை, கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்கள், பிறகு தென்னாப்பிரிக்கா. அங்கே கையிருப்பு தீர்ந்துபோய் வேலை பார்த்துப் பணம் சேர்க்க வேண்டியிருந்தது. இறுதியில் கேப் டவுனிலிருந்து எங்கும் நிற்காமல் லண்டனை அடைந்தார்கள். அந்தப் பயணம்தான் படகுக்கும் மனிதருக்கும் நடந்த முதல் தேர்வு. இருவரும் தேறினார்கள்.

*

1967 மே மாதம் ஃபிரான்சிஸ் சிச்செஸ்டர் 'ஜிப்ஸி மாத் 4' என்ற படகில், சிட்னியில் ஒரே ஒரு முறை மட்டும் நின்று, தனியாக உலகைச் சுற்றி இங்கிலாந்து திரும்பினார். தேசமே கொண்டாடிற்று. இனி எஞ்சியிருப்பது ஒன்றுதான், நிற்காமலே சுற்றி வருவது என்று பலருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது. ராபினும் அவர்களில் ஒருவர். ஆனால் இந்த முயற்சிக்குச் சுஹைலி போதாது என்றுதான் அவர் முதலில் நினைத்தார். 53 அடி நீளமுள்ள எஃகுப் படகு ஒன்றை வடிவமைக்கச் செய்தார். ஐயாயிரம் பவுண்டு தேவைப்பட்டது; எவரும் தரவில்லை. சுஹைலியை விற்கவும் முயன்றார், அதுவும் நடக்கவில்லை. வேறு வழியில்லாததால்தான் பழைய படகோடு கிளம்பினார். நாயகர்கள் தம் ஆயுதங்களைத் தெய்வ அருளால் அடைவதாகக் காவியங்கள் சொல்லும். இங்கே வறுமைதான் அருளிற்று.

1968 மார்ச்சில் லண்டன் 'சண்டே டைம்ஸ்' இதழ் இம்முயற்சிகளையெல்லாம் ஒரு பந்தயமாக அறிவித்தது. ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை எப்போது வேண்டுமானாலும் புறப்படலாம். நன்னம்பிக்கை முனை, ஆஸ்திரேலியாவின் தென்பகுதி, ஹார்ன் முனை ஆகியவற்றைச் சுற்றி, துறைமுகம் எதிலும் தங்காமல், வெளியுதவி எதுவும் பெறாமல் திரும்ப வேண்டும். முதலில் வருபவருக்குத் தங்கக் கோளம். குறைந்த நாள்களில் முடிப்பவருக்கு 5,000 பவுண்டு. தகுதிச் சோதனை எதுவும் கிடையாது. விதி இப்படித் தளர்வாக இருந்ததனால்தான் சுஹைலி போன்ற ஒரு படகும் அதில் இடம்பெற்றது. பின்னர் நேர்ந்த துயரங்களுக்கும் இதே தளர்ச்சியே வாசலைத் திறந்து வைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒன்பது பேர் கிளம்பினார்கள். 1968 ஜூன் 14 அன்று ஃபால்மத் துறையிலிருந்து சுஹைலி புறப்பட்டபோது ராபினுக்கு வயது 29. அவரைவிடப் பெரிய, வேகமான படகுகள் பின்னாலிருந்து துரத்த வரவிருந்தன. முன்னதாகக் கிளம்புவது ஒன்றே அவருக்கிருந்த அனுகூலம்.

சில வாரங்களிலேயே கசிவு தொடங்கிற்று. ஏராவும் அதையொட்டிய முதல் பலகையும் கூடும் இடத்தில், இரு பக்கமும் மூட்டு நெகிழ்ந்து கலப்பற்றுப் பஞ்சு வெளியேறிக் கொண்டிருந்தது. அட்லாண்டிக்கின் நடுவே, கேப் வெர்டே தீவுகளுக்குத் தெற்கே, அவர் நீருக்குள் இறங்கினார். வெளுத்த உடல் சுறாக்களின் கண்ணில் படாதிருக்கக் கருநிற உடைகளை அணிந்துகொண்டார். மூச்சை அடக்கி மூழ்குவதும், மூட்டில் பஞ்சைச் செருகி அடிப்பதும், மேலே வந்து மூச்சு வாங்குவதுமாக வேலை நடந்தது. அதன்மேல் கித்தான் துணிப் பட்டையைச் செப்பாணிகளால் அறைந்தார். அதற்கும் மேலே, வானொலி பொருத்த வந்தவர்கள் விட்டுச் சென்ற செப்புத் தகட்டை அடித்து மூடினார். இடையில் ஒரு சுறா வந்து வட்டமிட்டது. மேலேறித் துப்பாக்கியால் அதைச் சுட்டுவிட்டு, வேறு சுறாக்கள் வருகின்றனவா என்று காத்திருந்து பார்த்து, மறுபடி நீரில் இறங்கினார். நவீன இழைக்கூழ்ப் படகாக இருந்திருந்தால் இந்தக் கசிவு நேர்ந்திராது. ஆனால் நேர்ந்த கசிவை ஒரு சுத்தியலும் கொஞ்சம் பஞ்சும் கொண்டு நடுக்கடலில் தனி மனிதன் சரிசெய்ய முடிந்தது, அது மரப்படகாக இருந்ததால்தான்.

செப்டம்பர் தொடக்கத்தில் தென்கடலின் முதல் புயல் சுஹைலியைப் பக்கவாட்டில் புரட்டிப் போட்டது. பாய்மரங்கள் நீரைத் தொட்டு மீண்டன. படகு தானாக நிமிர்ந்தபோது மேல்தளத்தின்மீது எழுப்பிய அறைக்கட்டு இடம்பெயர்ந்திருந்தது. அதன் அடியைச் சுற்றிலும் விரிசல். குடிநீர்த் தொட்டியின் நீர் கெட்டுப்போனதும் தெரியவந்தது. அதன்பிறகு மழைதான் அவருக்குக் குடிநீர். வானொலி பழுதடைந்து, அவரால் செய்தி எதுவும் அனுப்ப முடியாமற் போயிற்று. கடும்புயல்களில் நீண்ட வடத்தை வளையமாக அமரத்திலிருந்து நீரில் விட்டு இழுத்துச் சென்றார். வடம் படகின் ஓட்டத்தைத் தளர்த்திற்று. கூர்ந்த அமரம் அலைகளைப் பிளந்து அனுப்பிற்று. காலின் ஆர்ச்சர் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வடகடல் மீனவர்களுக்காக நினைத்தது உலகின் மறுகோடியில் பயன்பட்டது.

ஆஸ்திரேலியாவைக் கடந்தபின் தானியங்கிச் சுக்கான் முழுமையாக உடைந்தது. பந்தயம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். இன்னும் பாதி உலகம் எஞ்சியிருக்க, ஒருவர் இரவும் பகலும் சுக்கானைப் பிடித்தபடி எத்தனை நாள் இருக்க முடியும்? இங்குதான் அந்த நீண்ட ஏராவின் குணம் வெளிப்பட்டது. பாய்களின் இழுவையை அளந்து அளந்து கட்டினார் ராபின். சுஹைலி தன்னைத் தானே செலுத்திக்கொண்டது. அவர் உறங்கினார். அதன்பிறகு ஏறத்தாழ ஐந்து மாதங்கள், ஹார்ன் முனை உட்பட, அப்படித்தான் கடந்தன. வேகத்துக்குத் தடையாக இருந்த அதே கனமும் பிடிவாதமும் மனிதனுக்கு உறக்கத்தைத் தந்தன. இந்தப் பந்தயத்தில் சுஹைலியின் வெற்றிக்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் இதைத்தான் நாம் சொல்வோம்.

நவம்பரில் நியூசிலாந்தின் ஒட்டாகோ முகத்துவாரத்தில் மணல்திட்டில் தட்டி நின்று, நீர் ஏறும்வரை காத்திருந்து தன் முயற்சியாலேயே மீண்டு கிளம்பினார். 1969 ஜனவரி 17 அன்று ஹார்ன் முனையைச் சுற்றினார். நியூசிலாந்துக்குப் பிறகு நான்கு மாதங்களுக்கும் மேலாக அவரைப் பற்றிய செய்தி எதுவும் உலகுக்குக் கிடைக்கவில்லை. ஏப்ரலில் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே ஓர் எண்ணெய்க் கப்பல் அவரைக் கண்டு செய்தி அனுப்பியபோதுதான் அவர் உயிரோடிருப்பது வீட்டாருக்கே தெரிந்தது.

*

அந்த மௌன மாதங்களில் மற்றவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லாமல் சுஹைலியின் வரலாறு முழுமையடையாது. ஐவர் தொடர இயலாமல் பலவித சேதங்களாலும் நோயாலும் விலகினார்கள். எஞ்சியோர் நால்வர்.

பெர்னார் மொய்ட்டெஸ்ஸியே இந்தோசீனாவில் பிறந்து வளர்ந்த பிரெஞ்சுக்காரர். அவருடைய 'ஜாஷுவா' 39 அடி எஃகுப் படகு. அதன் அமரமும் கூரானது. ராபினுக்கு 69 நாள்கள் கழித்துப் புறப்பட்ட அவர் ஹார்ன் முனையைச் சுற்றியது 1969 பிப்ரவரி 5இல். அதாவது இடைவெளியை 19 நாள்களாகக் குறைத்திருந்தார். தங்கக் கோளம் கிடைத்திருக்குமா என்பது விவாதத்துக்குரியது. பணப்பரிசு ஏறக்குறைய கையிலேயே இருந்தது. ஆனால் அவர் வடக்கே திரும்பவில்லை. நன்னம்பிக்கை முனைக்கு அருகே ஒரு கப்பலின் தளத்தில் உண்டிவில்லால் ஒரு செய்தியை எய்துவிட்டு, பந்தயத்தைத் துறந்து, மீண்டும் கிழக்கே ஓடி, தாஹிட்டித் தீவில் போய் நின்றார். கடலில் தாம் மகிழ்ச்சியாக இருப்பதாகவும், கரைக்குத் திரும்பினால் தம் ஆன்மாவை இழக்க நேரும் என்றும் அவர் கருதினார்.

நைஜல் டெட்லியும் டொனால்ட் குரோஹர்ஸ்ட்டும் மூன்று உடல்கள் கொண்ட இலேசான படகுகளில் சென்றவர்கள். சுஹைலியைக் கட்டுப்படுத்திய வேக விதி அவற்றைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அவை தென்கடலுக்கு ஏற்றவை என்று அன்று எவரும் நிரூபித்திருக்கவில்லை. மின்னணுக் கருவிகள் செய்து விற்றுவந்த குரோஹர்ஸ்ட் கடன்பட்டு, வீட்டையும் தொழிலையும் பணயம் வைத்து, முழுமையாக முடிக்கப்படாத படகில் கடைசி நாளான அக்டோபர் 31 அன்று கிளம்பினார். சில வாரங்களில் அவருக்கு உண்மை விளங்கியது: முன்னே போனால் மரணம், திரும்பினால் திவால். தென் அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதுபோல் பொய்யான நிலைகளை வானொலியில் அனுப்பினார். அதற்கெனத் தனிக் குறிப்பேடும் எழுதினார். போகாத கடலின் காற்றையும் காணாத விண்மீன்களின் கோணங்களையும் பொருந்தக் கணக்கிட்டு எழுதுவது, உண்மையில் பயணம் செய்வதைவிடக் கடினமான வேலை என்று கடலோடிகள் சொல்வார்கள்.

அந்தப் பொய் இன்னொருவர் படகை உடைத்தது. குரோஹர்ஸ்ட் தம்மை நெருங்கி வருவதாக நம்பிய டெட்லி, ஏற்கெனவே நைந்திருந்த தம் படகை ஓய்வின்றி விரட்டினார். போகும்போது சென்ற தடத்தைக் கடந்து உலகச் சுற்றை முடித்துவிட்டிருந்த நிலையில், 1969 மே மாதம் அசோர்ஸ் அருகே புயலில் அது பிளந்து மூழ்கியது. அவர் மீட்கப்பட்டார். இப்போது குரோஹர்ஸ்ட்டுக்குத் தப்ப வழியில்லாமற் போயிற்று. வேகப் பரிசு உறுதி. பரிசு பெற்றால் குறிப்பேடு ஆராயப்படும். ஜூலை 1ஆம் தேதியுடன் அவருடைய எழுத்து நின்றுவிடுகிறது. ஜூலை 10 அன்று அவருடைய படகு ஆளற்று மிதந்துகொண்டிருந்ததை ஓர் அஞ்சல் கப்பல் கண்டது. உண்மையைக் காட்டும் குறிப்பேடுகள் உள்ளே இருந்தன. அவர் உடல் கிடைக்கவே இல்லை.

சுஹைலி 1969 ஏப்ரல் 22 அன்று ஃபால்மத் திரும்பிவிட்டது. 312 நாள்கள், 30,000 மைலுக்கும் சற்று அதிகம். மரபுப்படி படகில் ஏறிய சுங்க அதிகாரி எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். ஃபால்மத்திலிருந்து என்பது விடை. பந்தயத்தை முடித்தவர் ராபின் ஒருவரே என்றாகிவிட்டதால், மிக மெதுவான படகுகளில் ஒன்றுக்கு வேகப் பரிசும் வந்து சேர்ந்தது. அந்த 5,000 பவுண்டை அவர் குரோஹர்ஸ்ட்டின் மனைவிக்கும் நான்கு குழந்தைகளுக்கும் கொடுத்துவிட்டார். மோசடி வெளியே தெரிந்த பின்னும் அந்த முடிவை மாற்றவில்லை.

ஒரு வருடத்துக்கு முன் புதுப்படகு கட்ட அவருக்குக் கிடைக்காமற் போனதும் ஐயாயிரம் பவுண்டுதான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

*

இவ்வளவையும் சொல்லிவிட்டு, மெதுவானதே வெல்லும் என்ற ஆமை–முயல் நீதியை வாசகர்களுக்கு வழங்குவது எளிது. நாம் அதைத் தவிர்க்க விரும்புகிறோம்; அது உண்மையன்று. ராபினே 1994இல் பீட்டர் பிளேக்குடன் சேர்ந்து 'என்சா' என்ற இரட்டையுடல் படகில் 75 நாள்களுக்குள் உலகைச் சுற்றிச் சாதனை படைத்தார். 2017இல் ஃபிரான்சுவா கபார் மூவுடல் படகில் தனியாக 43 நாள்களுக்குள் சுற்றி வந்தார். இலேசான படகுகள் குற்றவாளிகளல்ல. 1968இன் மூவுடல் படகுகள் தம் காலத்துக்கு முன் பிறந்தவை. குற்றம் வேறிடத்தில் இருந்தது: ஒரு படகுக்கு எது இயலுமோ அதை மட்டுமே அதனிடம் கேட்க வேண்டும் என்ற ஒழுங்கைப் பந்தயமும், பரிசும், கடனும், செய்தித்தாளின் பசியும் சேர்ந்து கலைத்தன. ராபின் சுஹைலியிடம் வேகத்தைக் கேட்கவில்லை. மிதந்துகொண்டிரு என்று மட்டுமே கேட்டார். அதற்கென்றே பிறந்த வடிவம் அது.

அப்படியானால் அந்த வடிவம் வெல்லமுடியாததா? அதற்கும் கடல் விடை சொல்லியிருக்கிறது. பந்தயத்தின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி 2018இல், பழைய வகைப் படகுகளும் பழைய கருவிகளும் மட்டுமே அனுமதிக்கப்பட்ட மறுபந்தயம் நடந்தது. அதற்காக அதே 'எரிக்' வரைபடத்தைக் கொண்டு கோவாவில் 'துரியா' என்ற படகு கட்டப்பட்டது. செலுத்தியவர் இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி. 2012–13இல் மும்பையிலிருந்து புறப்பட்டு நிற்காமல் தனியே உலகைச் சுற்றிய முதல் இந்தியர். 2018 செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில், பெர்த்துக்கு மேற்கே ஏறத்தாழ 1,900 கடல்மைல் தொலைவில், புயல் துரியாவைப் புரட்டிப் பாய்மரங்களை முறித்தது. முதுகெலும்பு நொறுங்கிய அபிலாஷ் அசைய முடியாமல் மூன்று நாள் படகினுள் கிடந்தார். பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பல் ஒன்று அவரை மீட்டது. அதே வடிவம், அதே தென்கடல், முடிவு வேறு. ஆனால் பாய்மரங்களை இழந்த பிறகும் துரியா மூழ்கவில்லை, உள்ளே கிடந்த மனிதரை உயிரோடு வைத்திருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். காலின் ஆர்ச்சர் தம் படகுகளிடம் கேட்டதும் அதுதானே. முதுகெலும்பில் உலோகத் தண்டுகளுடன் அபிலாஷ் 2022இன் பந்தயத்துக்குத் திரும்பி, வேறொரு படகில் 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்தார். முதலாவதாக வந்த கிர்ஸ்டன் நொய்ஷேஃபர், இத்தகைய உலகச் சுற்றுப் பந்தயத்தை வென்ற முதல் பெண்மணி.

சுஹைலிக்கு என்னவாயிற்று? அது தன் மனிதரோடு மேலும் பல கடல்களைப் பார்த்தது. 1989இல் பழங்கால வானளவிக் கருவியை மட்டும் நம்பி, கொலம்பஸின் வழியில் அட்லாண்டிக்கைக் கடந்தது. 1991இல் மலையேறி கிரிஸ் பானிங்டனுடன் கிரீன்லாந்து போயிற்று. பிறகு அதற்கு உரிய மரியாதையாக, கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் கூரைக்கடியில் நிறுத்தி வைத்தார்கள்.

அந்த மரியாதை அதைக் கொல்லத் தொடங்கியது. நீரில் ஊறியே பழகிய தேக்குப் பலகைகள் அருங்காட்சியகத்தின் உலர்ந்த, சீரான காற்றில் சுருங்கின. மூட்டுகள் வாய் பிளந்தன. தென்கடலின் புயல்களால் முடியாததைப் பாதுகாப்பு செய்து முடிக்கப் பார்த்தது. 2002இல் ராபின் அதை வெளியே எடுத்தார். ஆணி ஆணியாகக் கழற்றி, பலகைகளைச் சீர்செய்து, தம் எழுபதுகளின் வயதில் பெரும்பகுதி வேலையைத் தாமே செய்து, 2016இல் மீண்டும் கடலில் இறக்கினார். 2018 ஜூன் 14 அன்று, சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, ஃபால்மத் துறையில் சுஹைலி பாய்விரித்து நின்றது.

பம்பாயில் பெயர் தெரியாத ஓடாவிகள் வாய்ச்சியால் செதுக்கிய அந்தப் பலகைகள், நனைந்தவுடன் பருத்து, தம் விரிசல்களைத் தாமே மூடிக்கொண்டன. மரப்படகு அப்படித்தான். அதற்குக் கொஞ்சம் கடலைக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.